நின்ற கால்

நரம்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பாதி உடம்பை ஓட்டிவிடுகிறோம். ஊசி போட நர்ஸ் கையைத் தட்டித் தட்டித் தேடுவது நரம்பு. கத்திப் பேசும்போது கழுத்தில் புடைப்பது நரம்பு. கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. வாழை இலையில் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை, மூளையின் செய்தியைக் கடத்துவது நரம்பு என்று பள்ளியில் மூன்றாகப் பிரித்துப் படித்தோம். பரீட்சை முடிந்ததும் மூன்றையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டோம்.

கவிதைக்கு இது வசதிதான். மருந்துக்கடையில் வசதி இல்லை. என் அம்மா நான்கு வருடம் நரம்பு மாத்திரை சாப்பிட்டாள். "கால் நரம்பு சுண்டி இழுக்குதுண்ணே" என்பாள். கடைக்காரர் பி காம்ப்ளெக்ஸ் பட்டையைக் கிழித்துக் கொடுப்பார். அவள் சொன்ன சொல்லுக்கு அவர் கொடுத்தது பொருத்தமான மாத்திரை. ஆனால் அவளுடைய நரம்புகள் நன்றாகவே இருந்தன. கெட்டுப்போயிருந்தது சிரை.

அது வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது. கணுக்காலின் உள்பக்கம், எலும்பு துருத்தும் இடத்துக்குக் கீழே, விசிறி மாதிரி விரிந்த ஊதா நிறக் கோடுகள். பால்பாயிண்ட் பேனா கசிந்த மாதிரி இருக்கும். அதைச் சுற்றித் தோல் கருத்திருந்தது. செருப்பு வார் பட்டுக் கருத்தது என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பீர்க்க நாரால் தேய்ப்பாள். தேய்த்துப் போகிற கருப்பா அது.

*

ஆங்கிலத்தில் இந்தக் கோடுகளுக்கு ஸ்பைடர் வெய்ன் என்று பெயர். சிலந்தி வலை போலப் பரவுவதால் வந்த பெயர். தோலுக்குச் சற்றே கீழே இருக்கும் மிகச் சிறிய சிரைகள் விரிந்து நிலைத்துவிடுவதுதான் இது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் நீலப் பச்சையாக ஒரு வலை தெரியும். மூன்றைத் தாண்டி, புடைத்து, கயிறு முறுக்கிய மாதிரி நெளிந்தால் அது வெரிகோஸ். ஊரில் நரம்புச் சுருட்டு என்பார்கள்.

சிலந்திக் கோடுகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. 1990களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் 18 முதல் 64 வயது வரையான 1566 பேரின் கால்களைப் பரிசோதித்து ஓர் ஆய்வு செய்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்காவது இந்த மெல்லிய கோடுகள் ஏதோ ஓர் அளவில் இருந்தன. பெண்களுக்கு மட்டும் என்றும் இல்லை. ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. பெண்கள் கண்ணாடியில் பார்க்கிறார்கள், ஆண்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நானும் பார்த்தேன். மகள் பிறந்த அடுத்த வருடம், வலது தொடையின் வெளிப்பக்கத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வலை. எனக்கு அப்போது முப்பத்து இரண்டு வயது. வலி இல்லை, அரிப்பு இல்லை. இணையத்தில் தேடினேன். வந்த படங்கள் எல்லாம் வெள்ளைக் கால்கள். பால் நிறத் தோலில் வரைபடம் வரைந்த மாதிரி கோடுகள். நம் நிறத்தில் அது அப்படிப் பளிச்சென்று தெரியாது. மங்கலாகத்தான் தெரியும், சில சமயம் தழும்பு மாதிரி, சில சமயம் அழுக்கு மாதிரி. அம்மா பீர்க்க நாரை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

*

நான் படித்தது மெக்கானிக்கல். வேலை பார்ப்பது சாஃப்ட்வேரில். நான்கு வருடம் படித்த திரவ இயக்கவியல் எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது சிரையைப் புரிந்துகொள்ளத்தான்.

கிணற்றில் மோட்டார் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஃபுட்வால்வு தெரிந்திருக்கும். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் குழாயின் அடி நுனியில் ஒரு கதவு. தண்ணீர் மேலே போகத் திறக்கும், கீழே இறங்கப் பார்த்தால் மூடிக்கொள்ளும். அதன் வாஷர் தேய்ந்துவிட்டால் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் இருந்த தண்ணீர் முழுக்கக் கிணற்றுக்கே திரும்பிவிடும். மறுநாள் காலையில் மோட்டார் வெறுமனே உறுமும். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினால்தான் எடுக்கும்.

கால் சிரைகளுக்குள்ளும் இதே மாதிரி கதவுகள் இருக்கின்றன. ஆனால் அடியில் ஒன்று மட்டும் இல்லை, வழிநெடுக அடுத்தடுத்து. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் ஃபேப்ரிஷியஸ் என்ற உடற்கூறியல் பேராசிரியர் 1603-ல் இவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கதவுகளைத் துல்லியமாக வரைந்தவர், அவை ரத்தம் கை கால்களில் போய்த் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைப்பதற்காக என்று நினைத்துக்கொண்டார். ரத்தம் சிரை வழியாக வெளியே போகிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவரிடம் படித்த ஆங்கில மாணவர் வில்லியம் ஹார்வி வேறு மாதிரி யோசித்தார். கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது என்றால் ரத்தமும் ஒரு பக்கம் மட்டுமே போகும். 1628-ல் அவர் வெளியிட்ட புத்தகம்தான் ரத்தம் சுற்றி வருகிறது என்பதை நிறுவியது.

அந்தப் புத்தகத்தில் ஒரு கையின் படம் உண்டு. அதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கையைத் தொங்கவிட்டால் முன்கையில் ஒரு சிரை புடைக்கும். மற்றொரு கையின் இரண்டு விரல்களை அதன் மேல் சேர்த்து அழுத்துங்கள். கீழே இருக்கும் விரலை எடுக்காமல் மேல் விரலை மட்டும் முழங்கையை நோக்கி அழுத்தித் தேய்த்து எடுங்கள். நடுவில் ஒரு துண்டு சிரை காலியாகத் தட்டையாக நிற்கும். மேலிருந்து ரத்தம் இறங்கி அதை நிரப்பாது. கதவு பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழ் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும்.

கதவு இருக்கிறது, சரி. மோட்டார் எங்கே? இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும்போது இருக்கிற வேகம், அது நுண்குழாய்களைத் தாண்டி வரும்போது பெரும்பாலும் கரைந்துவிடும். காலிலிருந்து அதை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போது சதை இறுகிச் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே ஏறுகிறது, கதவு மூடுகிறது. அடுத்த அடி, அடுத்த பிழிவு. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். இதய மட்டத்திலிருந்து தொங்கும் ரத்தத்தின் மொத்த எடை அது. நடக்க ஆரம்பித்துச் சில அடிகளில், கதவுகள் நன்றாக இருந்தால், அது 30-க்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த இரண்டு எண்களையும் முதலில் படித்தபோது எனக்கு அம்மாவின் வேலை நேரம்தான் நினைவுக்கு வந்தது. நடப்பதல்ல, உட்காருவதும் அல்ல. நிற்பது.

*

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் அம்மா இருபத்து மூன்று வருடம் நின்றாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை. சாப்பிட அரை மணி நேரம். தீபாவளி, ஆடித் தள்ளுபடி, முகூர்த்த மாதங்களில் அந்த அரை மணியும் பத்து நிமிடமாகும். கூட்டம் இருந்தால் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். கூட்டம் இல்லாதபோதும் நிற்க வேண்டும். மேஜைக்குப் பின்னால், அதே ஆறு அடி இடத்தில். சாய்ந்து நின்றால் மேற்பார்வையாளர் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அந்தக் காலத்துப் பட்டு ஜவுளிக்கடைகளில் வெள்ளை உறை போட்ட மெத்தை விரித்திருப்பார்கள். வாங்குகிறவர்களும் அதில் உட்காருவார்கள், விற்கிறவரும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையை விரிப்பார். அப்புறம் மேஜை வந்தது. வாங்குகிறவர்களுக்கு மெத்தை வைத்த ஸ்டூல் வந்தது. விற்கிறவருக்கு மட்டும் எதுவும் வரவில்லை. உட்கார்ந்து விற்பது சோம்பேறித்தனம் என்ற எண்ணம் ஏதோ ஒரு கட்டத்தில் நுழைந்து, பிறகு எப்போதும் அப்படித்தான் இருந்தது போல ஆகிவிட்டது.

2010-ல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது நாங்கள் எல்லோரும் தியேட்டருக்குக் கிளம்பினோம். அம்மா வரவில்லை. "அதான் தெனமும் பாக்குறேனே, காசு குடுத்து வேற பாக்கணுமா" என்றாள்.

கோடுகள் வருவதற்கு நிற்பது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மருத்துவம் ஆகாது. முதல் காரணம் பரம்பரை. அம்மாவின் அம்மாவுக்கும் காலில் சுருட்டு இருந்தது. அவள் வயல் வேலை பார்த்தவள். அடுத்தது ஹார்மோன். பிரசவ காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோன்கள் சிரையின் சுவரைத் தளர்த்துகின்றன, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. என் தொடையில் வந்தது இந்தக் கணக்கில். வயது, உடல் எடை, முன்பு அடிபட்ட இடம், எப்போதோ காலில் கட்டிய ரத்த உறைவு என்று பட்டியல் நீளும். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் வரும் என்பதற்கு உருப்படியான சான்று கிடையாது. பெண்பிள்ளைகள் கால் மேல் கால் போடக்கூடாது என்பதற்கு நம் வீடுகளில் இருக்கும் காரணம் வேறு.

பரம்பரையை மாற்ற முடியாது. வயதை நிறுத்த முடியாது. பட்டியலில் இன்னொருவர் மனது வைத்தால் நாளையே மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஸ்டூல்.

*

அம்மாவை ரத்தக்குழாய் மருத்துவரிடம் கூட்டிப்போனது அவளுடைய ஐம்பத்து நான்காவது வயதில். மருத்துவர் முதலில் அவளை ஒரு முக்காலி மேல் ஏறி நிற்கச் சொன்னார். "இருபத்து மூணு வருஷம் நின்னாச்சு, இங்கயும் நிக்கணுமா" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். படுத்திருந்தால் சிரை வடிந்துவிடும், நின்றால்தான் தெரியும். டாப்ளர் ஸ்கேன் கருவியைத் தொடையில் வைத்துக் கெண்டைக்காலை ஒரு தரம் பிடித்துவிட்டார். திரையில் ரத்தம் ஒரு நிறத்தில் மேலே ஏறியது. கையை எடுத்ததும் வேறு நிறத்தில் அப்படியே கீழே இறங்கியது. சில நொடிகள் இறங்கிக்கொண்டே இருந்தது.

"வால்வு போச்சு" என்றார் மருத்துவர்.

"ஃபுட்வால்வாம்மா?" என்று என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள் அம்மா. வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தது அது.

இந்த நோயை உலகம் முழுக்க ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்துகிறார்கள். கோடுகள் மட்டும் என்றால் சி1. புடைத்த சிரை சி2. வீக்கம் சி3. தோல் கருத்து, தடித்துப் போவது சி4. ஆறிய புண் சி5, ஆறாத புண் சி6. என் தொடை சி1. அம்மாவின் கணுக்கால் சி4. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் கோடுகள்தான். கணுக்காலின் உள்பக்கம் விசிறியாக விரியும் கோடுகள் மட்டும் தனி வகை. உள்ளே பெரிய குழாயில் ரத்தம் திரும்பி இறங்குகிறது என்பதன் அறிகுறியாக அவை இருக்கலாம். அதைச் சுற்றித் தோல் கருத்திருந்தால், மாலையில் கால் வீங்கினால், அதை அழகுப் பிரச்சினை என்று விட்டுவிடக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உள்ளே ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அந்தக் கோடுகளில் அடிபட்டு ரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுகொண்டே கட்டுப் போட்டால் நிற்காது.

சிகிச்சையில் ஒரு வரிசை உண்டு. முதலில் கசியும் பெரிய குழாய், அப்புறம் மேலே தெரியும் கோடு. கீழே ஃபுட்வால்வு ஒழுகும்போது மேலே பெயிண்ட் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. பழைய முறையில் அந்தச் சிரையையே உருவி எடுப்பார்கள். இப்போது முழங்கால் பக்கம் ஊசித் துளை போட்டு, மெல்லிய குழாயைச் சிரைக்குள் ஏற்றி, அதன் நுனியைச் சூடாக்குகிறார்கள். ரேடியோ அதிர்வலை முறையில் 120 டிகிரி செல்சியஸ், ஒவ்வொரு ஏழு சென்டிமீட்டருக்கும் இருபது நொடி. சிரை சுருங்கி மூடிக்கொள்கிறது. லேசரிலும் இதைச் செய்யலாம். மூடிவிட்டால் ரத்தம் எப்படி மேலே போகும் என்று அம்மா கேட்டாள். காலில் ரத்தத்தில் பெரும்பகுதியை ஏற்றுவது ஆழத்தில் இருக்கும் சிரைகள், கெட்டுப்போன மேல்சிரை தப்பான பாதை, அதை அடைத்தால் நல்ல பாதைக்குப் போகும் என்றார்.

அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்ததும் படுக்க வைக்கவில்லை. நடக்கச் சொன்னார்கள். மருத்துவமனை வராண்டாவில் அம்மா இருபது நிமிடம் மேலும் கீழும் நடந்தாள், இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு. அந்தக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் மாட்ட வேண்டும். மதுரை வெயிலில் அதைப் போடுவது ஒரு தனித் தண்டனை. அது வந்த கோடுகளை அழிக்காது. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும்.

*

என் தொடைக்கும் அதே மருத்துவர் வழி சொன்னார். ஸ்கேனில் என் பெரிய சிரைகளில் கசிவு இல்லை. வேண்டுமென்றால் ஊசி போடலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், இரண்டாலும் ஆரோக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஊசி என்றால் ஸ்கிளெரோதெரபி. முடி மாதிரி மெல்லிய ஊசியால் கோட்டுக்குள்ளேயே மருந்தைச் செலுத்துவார்கள். பாலிடோகனால் என்ற மருந்து பரவலாகப் பயன்படுகிறது. முதலில் அது மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத்தான் உருவானது. சிரையின் உள்சுவரை அது புண்படுத்தும். சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்துவிடும். மறைய வாரக்கணக்கில் ஆகும், ஒரே தடவையில் முடிவது குறைவு. போட்ட இடத்தில் பழுப்புக் கறை சில மாதம் நிற்கலாம். அக்கம்பக்கத்தில் புதிதாக மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளம்பலாம். கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது; அப்போது வந்தவை பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாகவே மங்கவும் செய்யும்.

தோலுக்கு மேலிருந்து அடிக்கும் லேசரும் உண்டு. நம் நிறத்துக்கு அதில் கவனம் வேண்டும். லேசர் ரத்தத்தின் நிறத்தைத் தேடிப் போகிறது. வழியில் தோலின் கருநிறமியும் அதே ஒளியை உறிஞ்சினால் தோல் சுடும், தழும்போ வெள்ளைத் திட்டோ நிற்கும். 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட வகையைக் கருநிறமி குறைவாக உறிஞ்சும் என்பதால் கருத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பு. விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டுவிட்டுப் படுக்கலாம். காலுக்குப் பெரும்பாலும் ஊசியே முதல் தேர்வு.

அலுவலக மருத்துவக் காப்பீடு அம்மாவின் சிகிச்சையை ஏற்றது. என்னுடையதை அழகு சார்ந்தது என்று ஒரு வரியில் நிராகரித்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் நிராகரித்த வரியைப் படித்தபோது அம்மாவின் கணுக்காலும் இருபது வருடம் முன்பு சி1-ஆக இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்போது யாராவது பார்த்திருந்தால் அவர்களும் இதே வரியைத்தான் எழுதியிருப்பார்கள்.

நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத்தான் இதில் ஏமாற்றம். "காசு இருக்குல்ல, போட்டுக்கயேன். நான்லாம் சேலையத் தழையத் தழையக் கட்டியே காலத்த ஓட்டிட்டேன்" என்றாள். இருபத்து மூன்று வருடம் அவள் சேலையைத் தரையில் புரளக் கட்டியது கடையின் ஒழுங்கு என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அழகு சார்ந்தது என்ற சொல்லை அதற்கப்புறம் என்னால் அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

*

கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி ஆரம்பித்த பெண்கூட்டு அமைப்பு அதில் முன்னால் நின்றது. கழிப்பறையில் தொடங்கி நாற்காலிக்கு வந்த போராட்டம் அது. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் மசோதா வந்தது, பிறகு நிறைவேறியது. 1947-ம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருப்பதைத் தவிர்க்க, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது.

அம்மாவின் கடையில் ஸ்டூல்கள் வந்தன. அவளோடு வேலை பார்த்த சித்ரா அக்கா சொன்னார். பிரிவுக்கு இரண்டு, மேஜைக்கு அடியில். எட்டுப் பேருக்கு இரண்டு. வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோது உட்காரலாம். "ஆனா யாரு மொதல்ல உக்காருறதுன்னுதான் தெரியல. உக்காந்தவளப் பாத்துச் சிரிக்குறாளுக" என்றார்.

அம்மா அவரைக் கட்டிலில் உட்காரவைத்துச் சேலையைக் கணுக்கால் வரை தூக்கச் சொன்னாள். கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, குழி விழுகிறதா என்று பார்த்தாள். மருத்துவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைச் செய்துகாட்டினாள். மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டே, சேலையை விரித்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

"இது நரம்பு இல்ல சித்ரா, சிரை" என்றாள். "மருந்துக்கடைல போயி நரம்புன்னு சொல்லாத. நாளைக்கு லீவு போடு, நான் கூட வாரேன். உக்காந்ததுக்குச் சிரிக்குறவளுகளையும் கூட்டிட்டு வா."